டின் அக்காவின் அடுப்பில் எத்தனை ஓட்டை?

பினாங்குத் தீவில் மனிதர்களை நம்பாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். கேஸ் சிலிண்டரையும், ரொட்டி பாக்கெட்டையும், லிஃப்ட்டில் எழுதியிருக்கும் மாடி எண்ணையும் சேர்த்து நம்பாத ஒரே பிறவி எங்கள் டின் அக்காதான். ஐந்தாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் அவர் தலையை மட்டும் வெளியே நீட்டுவார். எதிரே என் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு தெரிகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் காலை வெளியே வைப்பார். ஒருநாள் என் மனைவி சாந்தி அந்த ஸ்டாண்டைக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தாள். அக்கா அப்படியே லிஃப்ட்டோடு கீழே போய்விட்டார்.

டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்பக்கம் இருக்கிறது எங்கள் அடுக்குமாடி. அங்கே யாருக்கும் அவருடைய உண்மைப் பெயர் தெரியாது. குடிவந்த புதிதில் நான் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"பேரு என்னக்கா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா யாராச்சும் பேரு கேப்பாங்களா?"

அத்தோடு விட்டுவிட்டேன். எந்நேரமும் கலகலவென்று சத்தம் போடும் ஒரு சாக்கோடு திரிந்ததால் டின் அக்கா என்று ஆகிவிட்டார். வயது நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். ஆனால் அறுபதைத் தாண்டிய எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் நாச்சியப்பன்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த முறைப்புக்கு எதிரே நிற்கும்போது வேறு சொல் வாயில் வராது.

சந்தேகம் அவருக்குத் தொழில். பாலம் தாண்டி ஜுருவில் வேலை. விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து, அது உண்மையாகவே மோதியதா, இல்லை இன்சூரன்ஸுக்காக யாரோ வேண்டுமென்றே மோதவிட்டதா என்று சொல்ல வேண்டும். காலை முதல் மாலை வரை பொய் சொல்லும் பம்பர்களோடு பழகுகிறவர் வீட்டுக்கு வந்ததும் மாறிவிடுவாரா? நம்மையும் அப்படித்தான் ஏற இறங்கப் பார்ப்பார், எங்கே பெயின்ட் புதிதாக அடித்திருக்கிறது என்று.

அவருக்கு வேண்டியது காலி டின். அதுவும் எல்லா டின்னும் ஆகாது. ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில், தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் குளிர்பானம் வாங்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தேன். காதருகே யாரோ மூச்சுவிடுவது கேட்டது.

"மெதுவா குடிங்கண்ணே. நசுக்கிடாதீங்க."

திரும்பினால் டின் அக்கா, சாக்கோடு.

"பிடிய தளத்துங்க. விரல் பட்டு ஒடுங்குது பாருங்க."

குடித்து முடிக்கும்வரை என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். டின்னை வாங்கி அடிப்பாகத்தை நகத்தால் தட்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஒடுங்கிருச்சு. இன்னொன்னு குடிங்க."

அன்று நான் மலையேறியது வயிற்றுக்குள் ஒரு குளத்தோடு.

இப்படிச் சேரும் டின்கள் எங்கே போகின்றன என்பதுதான் குடியிருப்பின் பெரிய கேள்வி. மாலையானால் அவர் வீட்டுப் பின்பால்கனியிலிருந்து டிக், டிக், டிக் என்று எதையோ குத்தும் சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியில் ஊசி போடும் முன் வருமே, அந்த வாடை. குப்பைத் தொட்டியருகே ஸ்பிரிட் பாட்டில்கள், அடியில் ஊதா நிறம் மிச்சமிருக்கும்.

சாந்தி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"சம்சு காய்ச்சுறாங்க, கள்ளச் சாராயம். சத்தியமா சொல்றேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன், நீங்க என்னைச் சந்தேகப்படுறீங்களா?"

தலைவருடைய கருத்து வேறு. அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கள்ளக் கையெழுத்துகளைக் கண்டுபிடித்தே முடி நரைத்தவர், பிறகு அதற்கும் மீசைக்கும் சேர்த்து மை அடித்தவர். அக்காவின் சாக்கிலிருந்து பழைய அலுமினிய நம்பர் பிளேட் ஒன்று எட்டிப்பார்த்ததை அவர் கண்டுவிட்டார்.

"இது காடி திருடுற கேங் லா, தம்பி. டின்னெல்லாம் சும்மா கண்துடைப்பு. திருடின காடியோட நம்பர் பிளேட்ட வெட்டி வெட்டி மறைக்கிறாங்க."

ஆக எங்கள் கட்டடத்தில் தொழில்முறைச் சந்தேகக்காரர்கள் இரண்டு பேர். அவர்கள் ஒரே லிஃப்ட்டில் ஏற நேர்ந்தால், இருவருமே சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் தினமும் அக்காவைப் பற்றி ஏதாவது செய்தி ஓடும். அந்தக் குழுவில் அக்காவும் இருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே பதில்தான் போடுவார்: "யார் சொன்னது?"

கடைசியில் சங்கம் கூடி, தலைவரும் நானும் நேரில் போய் விசாரிப்பது என்று முடிவானது. தலைவர் விதிமுறை எல்லாம் எழுதிய ஒரு தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை மதியம் கதவைத் தட்டினோம். கதவு சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தது. இடுக்கில் ஒரு கண்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்தா என்ன அர்த்தம்?"

"கட்டடப் பாதுகாப்பு சம்பந்தமா, அக்கா…" என்றார் தலைவர்.

"எந்தக் கடக்காரன் அனுப்புனான்?"

"கடையா?"

"கேம்பிங் சாமான் விக்கிறவன். எனக்குத் தெரியாதா? என் அடுப்ப போட்டோ புடிச்சு, ஃபேக்டரியில குடுத்து செஞ்சு, பளபளன்னு டப்பாவுல போட்டு நூறு வெள்ளிக்கு விப்பான். ஸ்பைங்க இப்படித்தான் வருவாங்க, கையில பேப்பரோட."

அப்போதுதான் அவர் செய்வது அடுப்பு என்பதே எங்களுக்குத் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். இனி மறைத்துப் பயனில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கதவைத் திறந்தார். எங்கள் கைப்பேசிகளை வாங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிய பிறகே உள்ளே விட்டார்.

பால்கனி ஒரு சின்னப் பட்டறை மாதிரி இருந்தது. லோங்கான் பழ டின்னுக்குக் கம்பியில் கைப்பிடி வைத்த பானை. சைக்கிள் கம்பிகளை வளைத்துச் செய்த முக்காலி. கார் கண்ணாடிக்கு வெயில் மறைக்க வைக்கும் வெள்ளித் தாளை வெட்டித் தைத்து, பானைக்கு ஒரு சட்டை. சோறு பாதி வெந்ததும் இறக்கி இந்தச் சட்டையை மாட்டிவிட்டால் மீதி தானாக வெந்துவிடுமாம். எவர்சில்வர் டம்ளரின் அடியில் ஆணியால் துளை போட்டுச் செய்த புட்டுக் குழல். எல்லாவற்றையும் ஒரு பைக்குள் அடக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறப் போய்விடுவார். தலைவரை மிரட்டிய நம்பர் பிளேட், பட்டறைக்காரர்கள் வேண்டாமென்று கொடுத்தது, அடுப்பைச் சுற்றி வளைந்து நின்று காற்றைத் தடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் இருந்த அடுப்பை மட்டும் எங்களுக்குக் காட்டவில்லை. முன்னால் குறுக்கே நின்றுகொண்டார்.

"கேஸ் டின் வாங்கிக்கலாமே அக்கா? சின்னதா விக்குதே," என்றேன்.

"உள்ள எவ்ளோ இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மூடி வச்சு விக்கிறவன நான் நம்ப மாட்டேன். ஸ்பிரிட்டுன்னா ஊத்தும்போது கண்ணால பாக்குறேன்."

தலைவருக்கு இது போதவில்லை. அக்கா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் நம்பர் பிளேட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அடுப்புன்னு சொல்றீங்க, ஒண்ணும் எரியலையே?"

"எரியுது."

"எங்க எரியுது? ஏமாத்தாதீங்க."

ஸ்பிரிட் நெருப்பு வெயில் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதை அக்கா சொல்லி முடிப்பதற்குள், தலைவர் கையிலிருந்த விதிமுறைத் தாளின் நுனி கறுத்தது. அடுத்த நொடி முழுத் தாளும் குபீரென்று பற்றிக்கொண்டது. தலைவர் ஊதினார். ஊதியதில் நெருப்பு அவரைப் பார்த்தே வந்தது. அக்கா பாய்ந்து அவரைப் பிடித்து இழுத்தார். உயிரைக் காப்பாற்றத்தான் இழுக்கிறார் என்று நினைத்தேன். அவர் கத்தியது வேறு.

"பாக்காதீங்க! ஓட்டைய எண்ணாதீங்க!"

விசாரணையின் முடிவில் கட்டட விதிமுறைகள் சாம்பலாயின. தலைவரின் மீசையில் வலப்பக்கம் பாதி போனது. இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தப் போய், கடைசியில் மீசையே இல்லாமல் அவர் லிஃப்ட்டில் ஏறியபோது அக்கா அவரிடம் அடையாள அட்டை கேட்டார் என்பது தனிக் கதை.

மீசை போன மனிதரின் கோபம் லேசானதில்லை. அதற்கு அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, வீட்டுல நமக்குக் காட்டுனது அடுப்பு. காட்டுல காய்ச்சுறது வேற. ஞாயித்துக்கிழமையானா ஒத்தையா மலைக்குப் போற பொம்பள, யாருக்கும் அடுப்ப காட்டாத பொம்பள, அங்க என்ன செய்யுது? பின்னாலயே போய்ப் பாக்கணும் லா."

சாந்தி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "சம்சுன்னு நான் அப்பவே சொன்னேன்."

ஞாயிறு காலை, மலைப்பாதை தொடங்கும் மூன் கேட் வாசலில் இருந்து அக்கா மலையேறத் தொடங்கினார். கொஞ்சம் பின்னால் நாங்கள். தலைவர் கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கழுத்தைச் சுற்றித் துண்டு என்று வந்திருந்தார். எந்தக் காட்டில் நின்றாலும் அவர்மீதுதான் முதலில் கண் போகும். வழியில் ரொட்டி சானாய் கடையைப் பார்த்து நான் நின்றேன்.

"சாப்புட்டா மந்தம் வரும். உளவுக்கு ஆகாது," என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றில் வந்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அக்கா நல்ல நடைக்காரர். பெரிய பாதையை விட்டு ஒரு கிளைப்பாதைக்குள் திரும்பினார். அங்கிருந்து இன்னொன்று. வேர்களைப் பிடித்து ஏறினோம், சறுக்கி இறங்கினோம். மஞ்சள் பெயின்ட் தீற்றிய ஒரு பாறையைக் கடந்தோம். கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி இன்னொரு மஞ்சள் பாறை. பிறகு இன்னொன்று.

"இந்த மலையில மஞ்சள் பாறை நிறைய இருக்கு போல," என்றார் தலைவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"தலைவரே, இது அதே பாறை."

சொல்லி வாய் மூடவில்லை, மழை கொட்டத் தொடங்கியது. அக்காவைக் காணவில்லை. வந்த வழி தண்ணீர் ஓடும் வாய்க்காலாக மாறியிருந்தது. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. திரும்பிப் பார்த்தால் தலைவர் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார். மழையிலும் நெற்றியில் வேர்வை தனியாகத் தெரிந்தது. கைகள் வெடவெடவென்று ஆடின.

"மீனாட்சி, கதவ சாத்து. சாரல் அடிக்குது," என்றார் என்னைப் பார்த்து.

மீனாட்சி அவர் மனைவி. என் பையில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. ஒரு மிட்டாய்கூட இல்லை. அதுவரை யாரைத் திருட்டுத்தனமாகத் தொடர்ந்து வந்தேனோ அவர் பெயரைத்தான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"டின் அக்கா! டின் அக்கா!"

பக்கத்து மரத்துக்குப் பின்னாலிருந்து உடனே வந்தார். அவ்வளவு அருகிலேயே நின்றிருக்கிறார்.

"காடி பார்க்லயே பாத்துட்டேன். அந்தத் தொப்பிய பாத்தா தெரியாதா? ஸ்பைன்னா சுத்தத்தான் விடுவேன். சொல்லுங்க, எந்தக் கடக்காரன்…"

அங்கேயே நின்றுவிட்டார். தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டார். வேலையில் எத்தனையோ நசுங்கிய கார்களைப் பார்த்தவர், எது நடிப்பு எது நிஜம் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"என்னாச்சு இவருக்கு?"

"சர்க்கரை இறங்கிருச்சுன்னு நினைக்கிறேன். காலையில சாப்பிடல."

"மாத்திரை போட்டாரா?"

"போட்டேன், போட்டேன்," என்றார் தலைவர், எங்களைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அக்கா பையைத் திறந்து ஒரு சின்ன டின்னை எடுத்தார். மூடியைத் திறந்ததும் கெட்டிப்பால் வாசனை. கரண்டியில் அள்ளித் தலைவரின் வாயருகே கொண்டுபோனார். தலைவர் பல்லை இறுக்கிக்கொண்டார். நினைவு பாதி போயிருந்தது, சந்தேகம் மட்டும் முழுசாக இருந்தது.

"டின்ல பேரே இல்ல. என்னது இது?"

"பால் தலைவரே, இனிப்புப் பால். லேபில நான்தான் உரிச்சேன்."

"ஏன் உரிச்சீங்க?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கெஞ்சினேன், அக்கா கெஞ்சினார். தலைவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கடைசியில் குழந்தை மாதிரி, "டீயா போட்டுக் குடு. நான் பாக்கணும். கண்ணு முன்னால போட்டாதான் குடிப்பேன்," என்றார்.

கண் முன்னால் டீ போட வேண்டுமென்றால் கண் முன்னால் அடுப்பை எடுக்க வேண்டும். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க திரும்பிக்குங்க."

"அக்கா! இப்பவா?"

"சரி, சரி. பாத்துத் தொலைங்க."

அடுப்பை வெளியே எடுத்தார். குளிர்பான டின்கள் இரண்டின் அடிப்பாகத்தை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசியால் துளைகள் போட்டிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. இத்தனை பூட்டும் சங்கிலியும் எதற்கென்று நினைக்கும்படி அவ்வளவு சின்ன சாமான். பாறையின் மறைவில் அதை வைத்து, நம்பர் பிளேட்டை வளைத்து நிறுத்தி, ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார். காற்று அணைத்தது. மறுபடி பற்றவைத்தார். மழைச்சாரல் அணைத்தது. நான் என் மழைக்கோட்டைக் கழற்றி மேலே கூடாரம் மாதிரி பிடித்தேன். அவர் தன் உடம்பாலேயே காற்றைத் தடுத்துக்கொண்டு குனிந்தார்.

"நான்தான் சுத்த விட்டேன். வயசான மனுஷன," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது முறை நெருப்பு நின்றது. மழை இருட்டில் அது நன்றாகவே தெரிந்தது. முதலில் நடுவில் மட்டும் எரிந்தது. டின் சூடேறியதும் சுற்றியுள்ள ஒவ்வொரு துளையிலும் ஒரு நீலச் சுடர் எழுந்து, முழு வட்டமாக நின்றது. தலைவர்கூட வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

பானையில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கத் தேயிலையைப் போட்டு, கெட்டிப்பாலை வழித்து வழித்து ஊற்றி, பானை மூடியில் ஆற்றி நீட்டினார். தலைவர் வாங்கவில்லை.

"நீங்க முதல்ல குடிங்க."

அக்கா ஒரு வாய் குடித்துக் காட்டினார்.

"அவரும் குடிக்கட்டும்."

நானும் குடித்தேன். பசி வேறு, இரண்டாவது வாயும் குடித்துவிட்டேன். அக்கா என் கையிலிருந்து பிடுங்கினார். "போதும் அண்ணே, சோதனை முடிஞ்சிருச்சு!"

அதன் பிறகு தலைவர் குடித்தார். முதல் மூடி, இரண்டாவது மூடி. நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகக் கை ஆட்டம் நின்றது. கண் நிலைக்கு வந்தது. என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அடுப்பைக் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இதுல எத்தன ஓட்டை?" என்று கேட்டார்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! ஸ்பை!" என்று கத்தினார் அக்கா. கத்தும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மழைத் தண்ணீர்தான் என்று அவர் இன்றும் சொல்கிறார். நான் அதை நம்பவில்லை.

மழை விட்டதும் பையிலிருந்த புட்டையும் கொடுத்துத் தலைவரைச் சாப்பிடவைத்தார். டம்ளர் வடிவப் புட்டு. இருவரும் ஆளுக்கொரு கை பிடித்து அவரைக் கீழே கொண்டுவந்தோம். பாதி வழியில் நான் மெல்லக் கேட்டேன்.

"ஏன் அக்கா, ஒரு டின் அடுப்புக்கு இவ்ளோ பாதுகாப்பா?"

உடனே "எதுக்கு கேக்குறீங்க?" என்று வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"நாள் பூரா பொய்யத்தான்ணே பாக்குறேன். அடிச்ச காடிய அடிக்கலங்குறான், அடிக்காதத அடிச்சுச்சுங்குறான். வீட்டுக்கு வந்தா இது ஒண்ணுதான். நானே வெட்டுனது, நானே குத்துனது. இதுல பொய் இல்ல." அடுத்த வளைவில் திரும்பியதும், "இத யார்கிட்டயாச்சும் சொன்னீங்க…" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலை தலைவர் புலனக் குழுவில் எழுதினார்: "விசாரணை முடிந்தது. குற்றம் ஒன்றும் இல்லை. ஸ்பிரிட் பாட்டில்களை மட்டும் கீழ்த்தளத்துச் சாமான் அறையில் வைக்க வேண்டும்." அக்கா பதில் போட்டார்: "அந்த அறைக்குச் சாவி யாரிடம்?" மறுநாளே அந்த அறையில் தலைவரின் பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டு தொங்கியது. சாந்திக்கு மட்டும் சம்சு இல்லை என்றதில் கொஞ்சம் ஏமாற்றம்.

இதற்குப் பிறகு அக்காவின் சந்தேகம் குறைந்தது என்று நான் எழுதினால் அது பொய். அது தலைவரின் வயிற்றுப் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். தினமும் வேலைக்குப் போகும் முன் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

"சாப்புட்டாச்சா?"

"ஆச்சு அக்கா."

"தட்ட காட்டுங்க."

தட்டைக் காட்டினால் விரலால் தொட்டு ஈரம் பார்ப்பார். கழுவி வைத்திருந்தால் நம்பமாட்டார். அதனால் மீனாட்சி அக்கா, கணவர் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வாசல் மேசையில் சாட்சியாக வைத்துவிடுவார். ஒருநாள் தலைவர் தோசையைப் பிய்த்துத் தட்டில் தேய்த்து மட்டும் வைத்திருந்தார். அக்கா தட்டை ஒரு பார்வை பார்த்தார். "இது மோதல, தேச்சிருக்கு," என்று சொல்லி உள்ளே வந்து உட்கார்ந்து, அவர் நான்கு தோசை தின்னும்வரை எழுந்திருக்கவில்லை. அன்று ஜுருவில் ஏதோ ஒரு கார் தன் பொய்யோடு வெகுநேரம் காத்திருந்திருக்கும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா விடியற்காலையிலேயே கெடாவில் இருக்கும் ஜெராய் மலைக்குத் தனியாகப் போய்விட்டார். எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. மீனாட்சி அக்கா துருவித் துருவிக் கேட்டதில் வாய்தவறி வந்ததுதான். மதியத்திலிருந்து வடக்கே ஒரே கறுப்பு. மழை, காற்று. எங்கேயோ சாலையில் மரம் விழுந்துவிட்டது என்று யாரோ குழுவில் செய்தி போட்டார்கள். வழக்கமாக "யார் சொன்னது?" என்று வரும் பதில் வரவில்லை. நான் அழைத்துப் பார்த்தேன். தொடர்பு கிடைக்கவில்லை.

மாலை வெளிச்சம் மங்கும் நேரம், கார் கண்ணாடியை மூடினேனா என்று பார்க்கலாம் என்று நான் கீழே இறங்கினேன். அங்கே தலைவர் நின்று அறிவிப்புப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் எழுதி, அவரே ஒட்டிய அறிவிப்பு அது. பின்னாலேயே சாந்தி குப்பைப் பையோடு வந்தாள். பையில் ஒன்றுமே இல்லை. மீனாட்சி அக்கா காற்றுக்காக வந்தாராம். மூன்றாம் மாடிக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தாராம், சொட்டச் சொட்ட நனைந்திருக்கும் செடிக்கு. எல்லாரும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நெடுநேரம் கழித்து, முன்விளக்கு ஒன்று மட்டும் எரியும் அக்காவின் சின்னக் கார் உள்ளே திரும்பியது. அக்கா இறங்கினார். முழங்கால்வரை சேறு, தோளில் பை. நடுவில் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் இங்க நிக்கிறீங்க?"

"லிஃப்ட் ரிப்பேர் லா, அக்கா," என்றார் தலைவர்.

அவர் சொல்லி முடிக்கவும் லிஃப்ட் மணியடித்துக்கொண்டு வந்து, கதவை அகலத் திறந்து நின்றது. அக்கா லிஃப்ட்டைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். சாந்தியின் காலிப் பையைப் பார்த்தார். லிஃப்ட்டுக்குள் போய் நின்றார். கதவு மூடியது.

நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் மாடியில் அந்த வீட்டு விளக்கு எரியும்வரை ஒருவரும் அங்கிருந்து நகரவில்லை.